முசியே மந்திரி

குழி தோண்டியாகிவிட்டது. அதில் படுத்துக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ண வேண்டிய ஆள்தான் இன்னும் வரவில்லை.

நொவாகா இல்புடோ வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தூகானிலிருந்து வரும் செம்மண் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் நீர்த்துறை மந்திரியாக இருந்தவர், இப்போது ஒன்றுமாக இல்லாதவர். கதை முழுக்க அவரை 'அவர்' என்றுதான் சொல்லப்போகிறேன். மரியாதையைத்தானே அவர் கேட்டு வாங்கினார், நான் எதற்குக் குறைக்க வேண்டும்?

உள்ளே அவருடைய அம்மா டெம்போகோ வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். தொண்ணூறு வயசு இருக்கும். நிறைஞ்ச சாவு. எங்கள் மோசி இனத்தில் இப்படி ஒரு கிழவி போனால் அது பாதி கல்யாணம். கள்ளுப்பானை இறங்கும், பெரிய மருமகள் மாமியாரின் துணியைக் கட்டிக்கொண்டு அவளைப் போலவே நொண்டி நடந்து காட்டுவாள். அப்புறம் பக்கத்து இனமான சாமோக்காரர்கள் வருவார்கள். அவர்கள் நமக்குக் கேலி முறை. நாம் அவர்களை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், அவர்களும் நம்மைத் திட்டலாம், கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. 'நாய்த்தின்னி' என்போம். 'டேய் அடிமை' என்பார்கள். சாவு வீட்டில் அவர்கள் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, நாய்த்தலை கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்று மல்லுக்கு நிற்பார்கள். கெஞ்சி, திட்டி, இழுத்து வெளியே போட்ட பிறகுதான் பிணம் இறங்கும். யாரும் மறிக்காத குழிக்குள் போகிறவள் நாதியற்றவள். ஊரில் யாருமே அவளை விட மனசில்லாமல் நின்றதில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, வெயில் ஏறுது," என்றான் தம்பி கூட்பி. "எவ்வளவு நேரம் வைக்க முடியும்?"

"லாசினா என்ன சொன்னான்? திரும்பச் சொல்லு."

"எத்தனை வாட்டி சொல்றது? வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்தான். அம்மா போயிட்டான்னேன். மண்வெட்டிய கீழ வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டான். அப்புறம், 'சேதி காதுல விழுந்துச்சுன்னு சொல்லு'ன்னான். அவ்வளவுதான்."

"வர்றேன்னு சொல்லலையா?"

"வரமாட்டேன்னும் சொல்லல." கூட்பி காலால் மண்ணைத் தள்ளினான். "நீங்களே நேர்ல போயிருக்கணும்ணே. அவனை ஜெயில்ல பூட்டி வச்சது நீங்கதானே."

நொவாகா மறுபடி பாதையைப் பார்த்தார்.

லாசினா பாரேயும் அவரும் வாயிகுயா பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. விடுமுறைக்கு விடுமுறை லாசினா இந்த வீட்டில்தான் கிடப்பான். டெம்போகோ கம்பங்களி கிண்டிப் போடுவாள், அவன் தின்றுகொண்டே அவளைத் திட்டுவான்.

"கிழவி, இது களியா, சுவத்துக்குப் பூசுற மண்ணா?"

"நாய் திங்குற வாய்க்கு இதுவே அதிகம்டா."

"நீ சாகுற அன்னிக்குப் பாரு. உன் குழில மொதல்ல நான்தான் படுப்பேன். நாய்த்தலை வராம உன்ன மண்ணுல இறக்க விடமாட்டேன்."

"படுடா, நல்லா படு. எனக்குப் பாய் சூடாயிருக்கும்."

இந்தப் பேச்சு முப்பது வருஷம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் புதுசாகச் சொல்வது போலச் சொல்லி, புதுசாகச் சிரிப்பார்கள்.

நொவாகா நன்றாகப் படித்தார். வெளிநாட்டில் போய் நீர்ப்பாசனம் படித்து வந்தார். மாவட்ட அதிகாரி, இயக்குநர், அப்புறம் மந்திரி. லாசினா வானொலியில் மோசி பாஷையில் செய்தி வாசித்தான். சாமோக்காரன் மோசி பாஷையில் செய்தி வாசிக்கிறான் என்பதே ஊருக்குப் பாதி சிரிப்பு. புது மந்திரிகள் பட்டியலை அன்றைக்கு வாசித்ததும் அவன்தான். "நீர்த்துறை: நொவாகா இல்புடோ" என்று வாசித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "இவன் என் அடிமை. பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒரு நாள்தான் குளிப்பான். இவன் கையில தண்ணிய குடுத்திருக்காங்க, கடவுள்தான் காப்பாத்தணும்" என்றான். நாடே மூணு நாள் சிரித்தது. மந்திரியும்தான். அன்றைக்கு அவருக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. புது நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நாற்காலி பழகப் பழக சிரிப்பு குறைந்தது. காரில் கொடி வந்தது. கதவைத் திறந்துவிட ஓர் ஆள், பையைத் தூக்க ஓர் ஆள். கிராமத்துக்கு வந்தால் கிணற்றடியில் நின்று பேசுகிற பழக்கம் போய், கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசுகிற பழக்கம் வந்தது. லாசினா அந்த நாலு விரல் சந்துக்குள்ளும் வாயை வைத்து, "அடிமை, மூச்சு விட முடியுதா உள்ள?" என்று கத்திவிட்டுப் போவான்.

மூணாவது வருஷம் பாங்ரே அணை திறப்பு விழா வந்தது. வெள்ளைக்காரர்கள் ஆறு பேர் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். அணைக்கு உதவி செய்தவர்கள். ஜனாதிபதியும் வந்திருந்தார். நேரலையில் பேச மைக் லாசினா கையில் இருந்தது. அவன் சும்மா இருப்பானா?

"டேய் கோழி!" என்று ஆரம்பித்தான். நொவாகா என்றால் எங்கள் பாஷையில் கோழிதான். "அணை ஏன்டா இடுப்பு உயரத்துக்கு மேல வளரல? மிச்ச சிமெண்டைத் தின்னுட்டியா? தலைநகர்ல உன் வீட்டுக்கு மூணாவது மாடி முளைச்சிருக்காமே, அது என்ன, மழைக்கு முளைச்ச காளானா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. பெண்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மந்திரி செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மைக்கைப் பிடுங்கி, "நாய்த்தின்னி, உங்க வீட்டு நாய்தான்டா சிமெண்டைத் தின்னுச்சு, அந்த நாயை நீ தின்னுட்ட" என்று ஒரு வார்த்தை. ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும் இது.

ஆனால் அவருக்கு அது கேலியாகப் படவில்லை. ஏனென்றால் மாடி நிஜம். இரண்டு லாரி சிமெண்ட் நிஜம். ஒப்பந்தக்காரன் ஒருநாள் காலையில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். இவர் கேட்கவில்லை, ஆனால் திருப்பி அனுப்பவும் இல்லை. லாசினாவுக்கு அது தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான், அது போய் சரியாக ஆணியில் அடித்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் குனிந்தார். மொழிபெயர்ப்பாளர், மடையன், அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தான். ஜனாதிபதியின் சிரிப்பு பாதியில் நின்றது.

நொவாகா எழுந்தார். பிரெஞ்சில் சொன்னார்.

"முசியே பாரே. வார்த்தைகளை அளந்து பேசுங்கள்."

முசியே! நாங்கள் அந்த வார்த்தையை வெள்ளைக்காரனுக்கும் நீதிபதிக்கும் வரி அதிகாரிக்கும் சொல்வோம். களிச்சட்டியில் கூடவே கை விட்டவனுக்கு எந்த மோசிக்காரனும் சொன்னதில்லை. லாசினா முதலில் அதையும் கேலி என்றே நினைத்தான். "பாத்தீங்களா, கோழி வெள்ளைக்காரன் பாஷைல கூவுது!" என்று சிரித்தான். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தான். மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினான்.

மறுநாள் போலீஸ் வந்து கூட்டிப்போனது. அரசாங்க விழாவில் அமைச்சர் மீது அவதூறு. நீதிபதி நம்ம ஆள்தான், அவருக்குக் கூசியது. மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். 'இது நம் வழக்கப்படி கேலிதானே? ஆம் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் வழக்கை முடித்துவிடலாம்.' அந்தக் கடிதம் மந்திரி மேசையில் பதினோரு நாள் கிடந்தது. பேனாவை எடுப்பார். கேலி என்று எழுதினால், எதைப் பற்றிய கேலி என்று எவனாவது கேட்பானே என்று தோன்றும். வைத்துவிடுவார்.

அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் டெம்போகோ பஸ் ஏறித் தலைநகருக்கே வந்துவிட்டாள். மூணாவது மாடி வரைக்கும் மூச்சு வாங்க ஏறிவந்தாள்.

"ஒரு வரிதானேடா கேக்குறாங்க. எழுதித் தொலையேன்."

"அம்மா, இது அரசாங்க விஷயம். உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? அவன் உன்னை அடிமைன்னான், நீ சிரிக்கல. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"நேரம் சரியில்லம்மா. அப்புறமா பாத்துக்கலாம்."

"அப்ப என் குழில யாருடா படுப்பா? உன் அரசாங்கமா?"

அவர் டிரைவரைக் கூப்பிட்டு அம்மாவைக் காரில் அனுப்பச் சொன்னார். அவள் காரில் ஏறவில்லை. பஸ்ஸிலேயே போனாள். அதற்கப்புறம் சாகிற வரை மகன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் எழுதினார். ஒரு வரிதான். 'சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்.' எட்டு மாசம் லாசினா உள்ளே கிடந்தான். வேலை போனது. வெளியே வந்ததும் தூகான் பக்கம் தன் ஊருக்குப் போய் வெங்காயம் போட ஆரம்பித்தான். மந்திரியின் நாற்காலி தப்பித்தது. அதற்காகத்தானே இத்தனையும்!

இன்னும் நாலு வருஷம் ஓட்டினார். ஒரு சாயங்காலம் புதுப் பட்டியலை வானொலியில் வாசித்தார்கள், அதில் அவர் பெயர் இல்லை. வாசித்தவன் யாரோ ஒரு பையன், எழுதிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தான், ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. நொவாகாவுக்கு அன்றைக்குத் தோன்றிய முதல் நினைப்பே அதுதான்: லாசினாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். 'அடிமை திரும்ப வந்துட்டான், களத்துல வேலை கிடக்கு' என்று ஏதாவது. ஊரே சிரித்திருக்கும், இவரும் சிரித்துவிட்டு எழுந்து கை கழுவிச் சாப்பிடப் போயிருப்பார். இப்போது சிரிக்க ஒன்றுமில்லை. மறுநாள் டிரைவர் சாவியை வைத்துவிட்டுப் போனான். ஓயாமல் அடித்த தொலைபேசி, பழுதோ என்று சந்தேகப்பட்டுத் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு ஊமையானது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்தவருக்கு இப்போது ஒரே ஓர் ஆசைதான். அந்தப் பயல் வரவேண்டும். வந்து ஊர் முன்னால் தன்னை வாய் நிறையத் திட்ட வேண்டும். 'அடிமை' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அம்மாவும் நாதியற்றவளாகப் போக மாட்டாள்.

அதற்காக அவரும் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். நேற்றே தானே சந்தைக்குப் போய், நிஜமான ஒரு நாய்த்தலையை வேகவைத்து வாங்கி வந்திருந்தார். பேச்சுக்குத்தான் எல்லாரும் நாய்த்தலை கேட்பார்கள், சேவலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இவர் நிஜத்தையே கொண்டுவந்து சுரைக்குடுக்கையில் வைத்துத் துணி போட்டு மூடி, நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. பெரியவர்கள் எழுந்து அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். தூக்கலாமா என்று ஒருத்தர் கேட்டும் விட்டார்.

அப்போது புழுதி தெரிந்தது.

மூன்று சக்கர வண்டி ஒன்று, பின்னால் பத்துப் பேர், ஒரு மேளம். வண்டி நிற்கும் முன்பே சத்தம் வந்துவிட்டது.

"எங்கடா அந்தக் கிழவி? எங்களுக்குச் சொல்லாமக் கொள்ளாம எங்கடா ஓடப் பாக்குறா?"

லாசினா! தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒரு காலை இழுத்து நடந்தான். ஆனால் குரல் அதே வானொலிக் குரல். யாரையும் பார்க்காமல் நேரே குழிக்குப் போனான். தொப்பியோடு உள்ளே குதித்தான். மல்லாந்து படுத்துக் காலை நீட்டிக்கொண்டான்.

"நாய்த்தலை! நாய்த்தலை வராம இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்! கிழவி, கேக்குதா? பாய் சூடு பண்ணிட்டு இருக்கேன்!"

நொவாகாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வந்துட்டான். சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. தன்னையும் மன்னித்துவிட்டான்.

அவர் மனைவி அசெத்தா, மாமியாரின் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, கோலை ஊன்றிக் குனிந்து நடந்து குழி ஓரத்துக்கு வந்தாள். டெம்போகோவின் கரகரத்த குரல் அப்படியே வந்தது. "ஏய் நாய்த்தின்னி, என் வீட்டுல உனக்கு என்னடா வேலை? வெளிய வா!"

"அய்யய்யோ, செத்தும் நடக்குறியா கிழவி? பல்லை எங்க விட்டுட்டு வந்த?"

"உன் களில விழுந்துச்சு, நீ முழுங்கிட்ட!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கூட்பி ஒரு பானைக் கள்ளைக் கொண்டுவந்து காட்டினான்.

"இந்தா, குடிச்சிட்டு எந்திரி."

"போடா கழுதைமூஞ்சி! இது கள்ளா, உங்க கழுதை ஒண்ணுக்குப் போனதா? நாய்த்தலை கொண்டாடா!"

இதுதான் நேரம். நொவாகா குடுக்கையை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் வழிவிட்டது. குழி ஓரத்தில் நின்று துணியை விலக்கினார். வேண்டுமென்றே உரக்கக் கத்தினார்.

"டேய் நாய்த்தின்னி! எச்சில் ஊறுதாடா? இந்தா உன் சொந்தக்காரன் தலை! தின்னுட்டு எங்க அம்மாவுக்கு எடத்தை விடு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

லாசினா சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் கையை ஊன்றி, இழுக்கிற காலைப் பிடித்துத் தூக்கி வைத்து, குழியிலிருந்து வெளியே ஏறினான். உதவிக்கு நீட்டிய அவர் கையைத் தொடவில்லை. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். மேளம் தானாக நின்றுவிட்டது.

பிரெஞ்சில் பேசினான். செய்தி வாசிக்கிற சுத்தமான பிரெஞ்சு.

"முசியே மந்திரி. தங்கள் தாயாரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்."

நொவாகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"லாசினா... என்னடா இது? நான் மந்திரி இல்லடா இப்ப. ஒண்ணுமே இல்ல."

"அது அரசாங்க விஷயம், முசியே மந்திரி. எனக்குப் புரியாது."

"திட்டுடா. ஒரே ஒரு வார்த்தை. அடிமைன்னு சொல்லுடா, எங்க அம்மா கேக்கட்டும்."

"வார்த்தைகளை அளந்து பேசச் சொல்லியிருந்தீர்கள். எட்டு மாதம் உட்கார்ந்து அளந்து பழகிவிட்டேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை. கோபம் துளியும் இல்லை. பல்லைக் கடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அரசாங்க ஆபீஸில் மனு கொடுக்க வந்தவன் நிற்பது போலப் பணிவாக நின்றான். பெரியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அசெத்தா கிழவி நடையை மறந்து நிமிர்ந்து நின்றாள், கண்ணில் தண்ணீர்.

கடைசியில் கூட்பிதான் வந்து அண்ணன் கையிலிருந்து குடுக்கையை வாங்கினான். வாங்கி லாசினாவிடம் நீட்டினான். லாசினா தொப்பியைத் தலையில் மாட்டினான். ஒரு நொடியில் ஆள் மாறிவிட்டான்.

"ஏன்டா கழுதைமூஞ்சி, இது நாய்த்தலையா, பூனைத்தலையா? எங்க பாட்டன் காலத்து நாய்க்குக் கொம்பே இருக்கும்டா! சரி போ, கிழவி முகத்துக்காக எடுத்துக்கறேன். ஏய், மேளம் என்னத்துக்கு நிக்குது? சாவு வீடா இது?"

மேளம் மறுபடி எழுந்தது. சனம் மூச்சு விட்டுச் சிரித்தது. கிழவியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். கடைசி மண் விழும்வரை லாசினா அவளை விடாமல் திட்டிக்கொண்டே நின்றான், திட்டத் திட்டக் கண்ணீர் தாடியில் வழிந்தது. டெம்போகோ ஒரு ராணி போலப் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

பொழுது சாய லாசினா கிளம்பினான். விடைபெறும்போது வரிசையாக எல்லாரையும் திட்டிவிட்டுப் போனான். கூட்பியை, அசெத்தாவை, நடக்கப் பழகும் பேத்தியை. வேலியில் கட்டியிருந்த ஆட்டைக் கூட விடவில்லை. நொவாகா முன்னால் வந்ததும் நின்றான். தொப்பியைத் தொட்டான். தலையை லேசாகத் தாழ்த்தினான். கடந்து போனான்.

வண்டியின் சத்தம் தேய்ந்து போனபிறகும் நொவாகா அங்கேயே நின்றார். அம்மாவின் புது மண்ணுக்குப் பக்கத்தில், அப்பாவின் மேட்டை ஒட்டி, மூத்த மகனுக்கென்று எப்போதோ ஒதுக்கி வைத்த இடம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்தார். ஒரு நாள் அங்கேயும் குழி தோண்டுவார்கள். சாமோக்காரர்கள் வருவார்கள், ஓரமாக வரிசையில் நிற்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். யாரும் குதிக்க மாட்டார்கள், யாரும் மறிக்க மாட்டார்கள். நேரே உள்ளே இறக்கிவிடுவார்கள், மரியாதையாக.